ஓர் ஆண்டுக்கு ஓர் ஆட்டம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

தை பிறப்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வரும் ஆண்டு முழுக்க எந்த ஆட்டத்தை எடுத்துப் படிப்பது என்பதுதான் அது. திருநெல்வேலி சந்திப்புக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்தில் குடியிருக்கிறேன். தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்த நேரம் போக மிச்சமெல்லாம் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைச் சேர்ப்பதிலும், சேர்த்தவற்றை ஆடிப் பார்த்து விதிகளை எழுதிவைப்பதிலும் கழிகிறது. வீட்டில் இரண்டு இரும்பு பீரோக்கள். ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் அறுபத்திரண்டு ஆட்டங்கள்.

வாங்குவதற்கு நான் வரம்பு வைத்துக்கொள்ளவில்லை, படிப்பதற்கு வைத்திருக்கிறேன். ஓர் ஆண்டுக்கு ஓர் ஆட்டம், பொங்கலுக்குப் பொங்கல். தொடக்க நாட்களில் ஒரே சமயத்தில் ஐந்தாறு ஆட்டங்களைப் பிடித்துக்கொண்டு திண்டாடினேன். ஆடி மாதம் வருவதற்குள் ஒன்றின் விதி இன்னொன்றில் கலந்து, நோட்டில் எழுதியதை நானே நம்ப முடியாமல் போயிற்று. அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. காலையில் பால் காய்ந்து இறங்கும்வரை அரை மணி நேரம் தனியாக ஆடிப் பார்ப்பேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது எதிரே உட்கார்ந்தால் ஓர் ஆட்டம். படுப்பதற்கு முன் நீளக் கணக்கு நோட்டில் அன்றைய ஆட்டத்தை எழுதுவேன்: யார் ஆடினார்கள், எதில் சண்டை வந்தது, எந்த விதி எங்கே மாறியது. சனி, ஞாயிறில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறிக் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுக்குப் போவேன். ஆச்சிக்கு எண்பத்து மூன்று வயது.

இதே போல ஓர் ஆட்டத்தை எடுத்து ஆழமாகப் படிக்க நினைப்பவர்கள் எதில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும் என் முடிவுக்காகவும் நான்கு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: பெட்டியில் வரும் ஜெர்மன் ஆட்டமான கேட்டன், ஆடு புலி, தாயம், பல்லாங்குழி.

சதுரங்கத்தையும் கேரமையும் இதில் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் சங்கங்களும் போட்டிகளும் அச்சடித்த விதிப் புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற நான் தேவையில்லை. பரமபதத்தையும் விட்டுவிட்டேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அதைவிட நல்ல துணை கிடையாது. அந்தப் படத்தாள்களை நான் விடாமல் வாங்கிச் சேர்க்கிறேன். ஆனால் உருட்டியது விழுந்தபடி ஏணியும் பாம்பும் இழுத்த இழுப்புக்குப் போவதுதான் ஆட்டம். ஆடுபவர் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் இல்லாததால் ஓராண்டுப் படிப்புக்கு அது தாங்காது.

கேட்டனில் தொடங்குகிறேன். அலுவலகத்தில் உள்ள இளையவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிளாஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதைப் பெற்றது. பத்தொன்பது அறுகோண அட்டைகளை அடுக்கி ஒரு தீவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண் உண்டு, பாலைவனத்துக்கு மட்டும் கிடையாது. இரண்டு பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகைக்குரிய நிலம் விளையும். செங்கல், மரம், கம்பளி, தானியம், கனிமம். விளைந்ததைப் பேரம் பேசி மாற்றிக்கொண்டு சாலை போட்டு வீடு கட்ட வேண்டும். பத்துப் புள்ளி முதலில் சேர்த்தவர் வென்றார்.

இதன் அருமை அந்தப் பேரத்தில் இருக்கிறது. வாய் திறக்காத ஆளையும் அது பேச வைத்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கு நான்கு வார்த்தை பேசும் ஒருவர், "இரண்டு செங்கல் தருகிறேன், ஒரு கம்பளி கொடுங்கள், இதற்கு மேல் இறங்க மாட்டேன்" என்று மேசையைத் தட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். விதிகள் அச்சில் தெளிவாக இருப்பதால் சண்டை வராது. ஆனால் படிக்கிறவருக்கு அதுவே குறை. எழுதிவைக்க எனக்கு அதில் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை. உலகம் முழுவதும் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

பணமும் ஒரு பொருட்டுத்தான். நான் வாங்கியபோது மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, சீட்டுகளில் இரண்டு குறைந்திருந்தன. மாற்றிக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு விற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை. கடைசியில் காலண்டர் அட்டையை வெட்டி இரண்டு சீட்டு நானே செய்துகொண்டேன். பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. தாமிரபரணி பெருகிச் சந்திப்புப் பகுதி முழுவதும் நீரில் நின்றது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த எட்டுப் பெட்டி ஆட்டங்களும் ஊறின. ஒரு சீட்டைப் பிரித்தால் பக்கத்துச் சீட்டின் படமும் தோலோடு உரிந்து வந்தது. அதே தட்டில் இருந்த பித்தளைத் தாயக்கட்டைகளைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன், முடிந்தது வேலை. ஊறிப்போன புளியங்கொட்டைகளைக் கொட்டிவிட்டு அடுக்களையிலிருந்து வேறு எடுத்துக்கொண்டேன். அட்டையில் செய்த ஆட்டத்தை ஆற்றங்கரை ஊரில் வைத்திருப்பவர் மேல் தட்டில் வைக்க வேண்டும், பாலித்தீன் உறையில் போட்டு வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டும். அந்தப் பராமரிப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேட்டனுக்கு மூன்று பேராவது வேண்டும். என் வீட்டில் நானும் அம்மாவும்தான். வாரம் ஒருநாள் நண்பர்கள் கூடும் வீடாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஆடு புலிக்குச் செலவே கிடையாது. ஒரு சாக்கட்டி போதும். கோபுரம் போல ஒரு முக்கோணம், அதன் உச்சியிலிருந்து கீழே விரியும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள். மொத்தம் இருபத்து மூன்று சந்திகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபத் தரையிலும் படித்துறைக் கல்லிலும் இந்தக் கட்டம் கீறிக் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், பார்த்தும் என்னவென்று தெரியாமல் மிதித்துப் போயிருப்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மண்டபத்தின் ஓரத்தில் நான் கண்ட கட்டத்தின் கோடுகள் பாதி தேய்ந்துவிட்டன. ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சாய்வெயிலில் பார்த்தால்தான் தெரிகிறது. மாலை ஐந்து மணிக்குப் போய் அதைப் படியெடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் பலம், மறுபக்கம் எண்ணிக்கை. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆடுகள் எல்லாம் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. பகடை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. பதினைந்து ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் பலகையில் காலியாக இருப்பவை ஐந்தே சந்திகள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் புலிக்கு மூச்சு முட்டும்.

பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் இருக்கிறான். "அத்தை, நான்தான் புலி" என்று சொல்லிக்கொண்டேதான் படியேறுவான். முதல் இரண்டு வாரம் அவன் புலி என் ஆடுகளைத் தின்று தீர்த்தது. நான் நடுவில் ஆட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது: மூலையில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் புலி இறங்க இடமில்லை. மூலையிலிருந்து தொடங்கி இடைவெளி விடாமல் ஓரத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே வந்தால் புலிக்குக் குதிக்க வழி குறைந்துகொண்டே போகிறது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் ஆடாக ஆடவும் சம்மதிக்கிறான்.

ஒரே ஒருவர்தான் துணைக்கு இருக்கிறார், அவரும் சிறு பிள்ளை என்றால் இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. தனியாகவும் படிக்கலாம். சந்திகளுக்கு ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை எண் கொடுத்தால் சதுரங்க ஆட்டத்தை எழுதுவது போல ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவைக்கலாம். ஒரு துணியில் கட்டத்தை வரைந்து பாசஞ்சரில் மடியில் விரித்துக்கொண்டு போகிறேன். சேரன்மகாதேவி வருவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். தீராத ஒரே சந்தேகம், எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி வென்றதாகக் கொள்வது என்பது. ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அதனால் ஆடத் தொடங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தாயத்துக்கு வருகிறேன். சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்வில் யானைத் தந்தத்தால் ஆன பகடை கிடைத்திருக்கிறது. உருட்டி ஆடும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு பழையது. நம் வீடுகளில் இருப்பது இரண்டு பித்தளைக் கட்டைகள், நான்கு முகம். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளியின் காயில் போய் இறங்கினால் வெட்டு. மனை என்ற காப்புக் கட்டத்தில் உட்கார்ந்த காயை வெட்ட முடியாது. சுற்றி முடித்து உள்ளே சேர்ந்த காய் பழம். காய் பழமாகிறது என்று சொல்லும் மொழியில் இந்த ஆட்டம் ஆடக் கிடைத்ததே ஒரு பேறு.

கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு விருந்து இருக்கிறது. இரண்டு கட்டைகளும் விழும் விதங்கள் மொத்தம் பதினாறு. அவற்றில் மூன்று என்ற எண் நான்கு விதமாக விழும். இரண்டும் நான்கும் மும்மூன்று விதம். தாயமும் ஐந்தும் இவ்விரண்டு விதம். ஆறு ஒரே விதம், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒரே விதம். இப்போது விதியைப் பாருங்கள். மறு உருட்டல் கொடுப்பது எவற்றுக்கு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அதாவது, அரிதாக விழுபவை எவையோ அவற்றுக்குத்தான், ஒன்றுகூடத் தப்பவில்லை. கேட்டனில் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே சிறு புள்ளிகள் அச்சிட்டு எது அடிக்கடி விழும் என்று காட்டியிருப்பார்கள். தாயக் கட்டத்தில் எதுவும் எழுதியில்லை. எழுதாமலே அந்தக் கணக்கு விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை முதல் தடவை தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினாறில் இரண்டு என்றால் எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை நடக்கும். காயே இறங்காமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேலி செய்யாதீர்கள். காலை நேரத்தில் நாளுக்கு நாற்பதாக ஒரு மாதம் உருட்டி 1,200 உருட்டலை எழுதினேன். கணக்குப்படி 150 தாயம் வர வேண்டும், 161 விழுந்தது. கட்டையில் குற்றமில்லை.

புளியங்கொட்டையை எடுத்தால் கணக்கே வேறு. நான்கு கொட்டைகளை எடுத்து ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வோம். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் பதினாறில் நான்கு முறை தாயம் வரும், பித்தளைக் கட்டையைப் போல இரண்டு மடங்கு. பித்தளையில் ஆடும் ஆட்டம் பொறுமையைக் கேட்கும், கொட்டையில் ஆடுவது விறுவிறுவென்று போகும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொட்டையையே எடுங்கள்.

தாயம் நான்கு பேர் ஆடும் ஆட்டம். இரண்டு பேர் ஆடலாம், ஆனால் வெட்டுக்குத் துரத்துவதும் மனைக்கு ஓடுவதுமான அந்தக் கூச்சல் வராது. சித்தி, மாமா, மைனி எல்லோரும் கூடும் பொங்கல் விடுமுறையில் இதற்கு ஈடு கிடையாது. மற்ற நாட்களில் எனக்கு நான்கு பேர் சேர்வது இல்லை. ஓராண்டுப் படிப்பாக எடுக்க ஆசை நிறைய இருந்தும் இதைத் தள்ளி வைத்ததற்கு அதுதான் காரணம்.

பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு இத்தனை என்று காய்களை நிரப்பி, ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. இந்த வகை ஆட்டங்களை உலகம் மன்கலா என்று அழைக்கிறது. இடம் மாற்றுவது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அலுவலகத்தில் நாள் முழுதும் 'நகல்' எடுங்கள், 'நகல்' வையுங்கள் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அதே வேர்தான்.

பாளையங்கோட்டைக்காரரும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தவருமான தொ. பரமசிவன் பல்லாங்குழியைப் பற்றி எழுதியிருக்கிறார். இருவரும் சமமாகத் தொடங்கி, ஆட்டம் போகப் போகச் செல்வம் ஒருவர் பக்கம் குவிந்து மற்றவர் வெறுங்கையாகும் அமைப்பில் தனிச்சொத்தின் கதையை அவர் கண்டார். அதைப் படித்த பிறகு தோற்றவரின் பக்கம் நிரப்ப முடியாமல் கிடக்கும் குழிகளை என்னால் வெறும் குழிகளாகப் பார்க்க முடியவில்லை.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைகளில் மடக்கும் பலகையும் உண்டு, ஒரே மரத்தில் குடைந்ததும் உண்டு. மடக்குவது எடுத்துப் போக வசதி. ஆனால் கீல் துருப்பிடிக்கும். விரித்தால் நடுவில் ஒரு மேடு நின்று, இடும் காய் தட்டித் தெறிக்கும். 650 ரூபாய்க்கு நான் வாங்கிய மடக்குப் பலகை வெள்ளத்துக்குப் பிறகு மூடவே மறுக்கிறது. ஆச்சியிடம் இருப்பது பலா மரத்தில் குடைந்தது. குழிகளின் உள்பக்கம் மூன்று தலைமுறையின் விரல் பட்டு மெழுகு போல இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர் குழியின் ஆழத்தைப் பாருங்கள். உள்ளங்கை குவிந்து இறங்க வேண்டும். ஆழமில்லாத குழியில் பன்னிரண்டு காய் சேர்ந்தால் வழிந்து பக்கத்துக் குழியில் விழும், ஆட்டமே கெட்டுப்போகும்.

காய்க்குத் திருச்செந்தூரில் வாங்கிய சோழி பார்க்க அழகு, ஆனால் கையில் வழுக்கும். மஞ்சாடி கண்ணுக்கு நிறைவு, எண்ணும்போது விரலுக்குச் சிறிது. குன்றிமணியைச் சிலர் சொல்வார்கள், அது நஞ்சுள்ள விதை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். என் தேர்வு புளியங்கொட்டை. வண்டு துளைத்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலுக்குச் சொன்னபடி கேட்கும்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. வெளியே மழை. ஆச்சியும் நானும் திண்ணையில். குழிக்கு எத்தனை வைப்பது என்று கேட்டேன்.

"பிறந்த வீட்டில் ஐந்து. வாக்கப்பட்டு வந்த வீட்டில் ஆறு. எங்கள் மாமியார் ஐந்து வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்."

"எது நல்லது, ஆச்சி?"

"எதை வைத்தாலும் முதல் கைக்கு ஏழு கிடைக்கும். அதற்கு மேல் உன் சாமர்த்தியம்."

இரண்டு வேறு எண்ணிக்கைக்கும் ஒரே விளைவு எப்படி வரும்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து குழிகளுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை எண் கொடுத்து ஆடிப் பார்த்தேன். முதலில் ஆறு. முதல் குழியை அள்ளினேன், ஏழில் முடிந்தது. எட்டை அள்ளினேன், பதினான்கில் முடிந்தது. அடுத்தது நான் தொடங்கிய முதல் குழி, வெறுமை. துடைத்தேன். இரண்டாம் குழியில் ஏழு. இரண்டே அள்ளல்.

பிறகு ஐந்து. முதல் குழியை அள்ளினேன், ஆறில் முடிந்தது. ஏழை அள்ளினேன், பன்னிரண்டில் முடிந்தது. பதின்மூன்றை அள்ளிச் சுற்றி வந்தேன், நான்கில் முடிந்தது. ஐந்தாம் குழியில் இப்போது ஆறு காய். அள்ளினேன், பதினொன்றில் முடிந்தது. பன்னிரண்டிலும் ஆறு. அள்ளி இட்டுக்கொண்டே வந்தால் நான்காம் குழியில் கை காலி. அடுத்த ஐந்து, சற்று முன் நான் அள்ளிய வெறுங்குழி. துடைத்தேன். ஆறாம் குழியில் கிடந்தவற்றை எண்ணினேன். ஏழு.

ஐந்து அள்ளல், அதே ஏழு. எல்லாக் குழியிலும் சமமாக இருப்பதால் எந்தக் குழியில் தொடங்கினாலும் இதுவே வரும். வழியில் எந்தக் குழியிலும் நான்கு சேர்வதில்லை, ஆகையால் பசு விதியும் குறுக்கே வராது. சந்தேகத்துக்கு நான்கு வைத்தும் பார்த்தேன். ஏழு முறை அள்ளி ஆறு காய்தான் கிடைத்தது. அடுத்த வாரம் போய்ச் சொன்னதற்கு ஆச்சி, "நாலு யார் வைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள். ஐந்துக்கும் ஆறுக்கும் பொதுவான ஏழை அவள் எந்தத் தாளிலும் எழுதிப் பார்த்ததில்லை. அறுபது எழுபது ஆண்டு ஆடிய கை அறிந்தது அது.

இனி நான்கையும் எடை போடுகிறேன். செலவு என்று பார்த்தால் ஆடு புலியும் புளியங்கொட்டைத் தாயமும் முன்னால் நிற்கின்றன, கேட்டன் கடைசியில். வெயில், மழை, கரையான், வெள்ளம் தாங்குவதிலும் அதே வரிசைதான். மூளைக்கு வேலை என்று பார்த்தால் ஆடு புலி முதலிடம், கூடிச் சிரிக்கத் தாயம், பேச வைக்கக் கேட்டன். இந்த அளவுகோல்கள் எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் நான் இத்தனை ஆண்டில் கற்றது வேறு. பீரோவைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எதிரே யார் உட்காருவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆள் இல்லாத ஆட்டத்தை நான் இரண்டு ஆண்டு எடுத்துப் பார்த்தேன். நோட்டு நிறைந்தது, ஆட்டம் கைக்கு வரவில்லை.

ஆகவே வீட்டில் நான்கு பேர் இரவில் ஒன்றாக இருப்பவர்கள் தாயத்தை எடுங்கள். பள்ளிப் பிள்ளை ஒன்றோடு மாலையைக் கழிப்பவர் ஆடு புலி. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் நண்பர்களோடு தங்கியிருப்பவர் கேட்டன். வீட்டிலோ சொந்தத்திலோ எழுபதைத் தாண்டிய ஒருவர் பல்லாங்குழி ஆடத் தெரிந்தவராக இருந்தால் மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு இந்தத் தையிலேயே அவர் எதிரில் போய் உட்காருங்கள். கேட்டனின் விதிப் புத்தகம் பத்து ஆண்டு கழித்தும் கிடைக்கும். ஆடு புலிக் கட்டம் கல்லிலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஐந்தும் இன்னொரு வீட்டுக்கு ஆறும் வைத்த கணக்கு அந்தக் கைகளில் மட்டும்தான் இருக்கிறது.

என் முடிவும் பல்லாங்குழிதான். தீர்க்க வேண்டிய வழக்குகள் மூன்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். பசு சேர்ந்தால் அது குழிக்கு உரியவருக்கா, கடைசிக் காயை இட்டவருக்கா? ஆச்சி குழிக்காரருக்கு என்கிறாள், வீரவநல்லூர் அத்தை இட்டவருக்கு என்கிறார். வெறுங்குழியைத் துடைத்து எடுக்கும்போது எதிர்க் குழியும் சேர்த்து வருமா, வராதா? நிரப்ப முடியாத குழியை அடுத்த சுற்றில் தாண்டிப் போக வேண்டுமா, அதிலும் ஒரு காய் இட வேண்டுமா? இவற்றை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஆடி, எந்த விதியில் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, எதில் தோற்றவர் மீண்டு எழ முடிகிறது என்று பார்க்கப் போகிறேன். வீரவநல்லூர் அத்தையை ஒரு சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்கு அழைத்து வந்து ஆச்சிக்கு எதிரே உட்கார வைப்பதாகப் பேச்சு. இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். யார் விதிப்படி ஆடுவது என்பதில் மட்டும் இன்னும் ஒப்பவில்லை.

நேற்று இரவு அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நல்லதாகப் பார்த்து எண்பத்து நான்கு பொறுக்கி, கழுவித் துடைத்துச் சுருக்குப் பையில் போட்டேன். மாமியார் வழக்கப்படி ஆறு வைத்தால் சரியாக இருக்கும். ஆச்சி பிறந்த வீட்டு வழக்கப்படி ஐந்து வைத்தால் பதினான்கு மிஞ்சும். அந்தப் பதினான்குக்கு இன்னொரு சிறு பையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.